மூன்று விநாடி ஜன்னலில் நின்றவள்

வெர்னா கெய்ன்ஸின் உத்தியோகம் முத்தங்களை அளப்பது. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், கையில் ஆகாத வரிகளை அடிக்க நீலப் பென்சில் இருக்கும். முத்தம் நான்கு விநாடிக்கு மேல் நீண்டால் கையைத் தூக்குவாள். கட்டிலில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கால் தரையில் பட்டிருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் ஒரு ஆணின் அறைக்குள் நுழைந்தால் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். தப்புச் செய்தவள் கதை முடிவதற்குள் தண்டனை அடைந்தாக வேண்டும். தப்புச் செய்தவனுக்கு அப்படி எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. அவன் வருத்தப்பட்டாலே போதும்.

நியூயார்க்கின் மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்குள், வாரம் ஐந்து நாள் ‘கிரிம்வேட் மாளிகை’ என்ற தொலைக்காட்சித் தொடர் பதிவாகும். அதில் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ள நிறுவனத்தின் ஒழுக்கப் பிரிவு வைத்த ஆள் அவள். மாலை நாலு மணிக்கு அது வரும்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாடெங்கும் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கடலோரப் பாறைமேல் இருண்ட மாளிகை. அதன் எஜமான் ஜூலியன், இரண்டு மனைவிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவன். குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வந்த ஏழை ஆசிரியை அவன்மேல் காதல் கொள்கிறாள். அவன் மனிதனா, வேறேதாவதா என்பது இருநூறு பகுதி தாண்டியும் தெரியவில்லை. ஆனால் மரியாதை தெரிந்தவன். அனுமதி கேட்காமல் அவள் கையைத் தொடமாட்டான். அதற்காகவே அவனுக்குத் தினம் ஒரு மூட்டை கடிதம் வந்தது.

தயாரிப்பாளர் பர்ட் லாஸ்கருக்கு வெர்னாவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“ஏம்மா, மடத்துத் தலைவி! அந்த ஆளு ரெண்டு பொண்டாட்டிய முழுங்கினவன். அதுக்கெல்லாம் நீங்க வாயத் திறக்கல. ஒருத்தி கையப் புடிச்சா மட்டும் பென்சிலத் தூக்கிட்டு ஓடி வர்றீங்களே?”

“கொலைக்கு விதி இல்ல, மிஸ்டர் லாஸ்கர். கை புடிக்கறதுக்குத்தான் இருக்கு.”

இதைச் சிரிக்காமல் சொல்வாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, இழுத்துக் கட்டிய கூந்தல், தடித்த கண்ணாடி. அவள் சிரிப்பைப் பார்த்த ஒரே ஆள் எமில் வோர்செக். நாடகத்தில் காற்றை ஊளையிட வைப்பதும், கதவுகளைக் கிறீச்சிட வைப்பதும், இசைத்தட்டு போடுவதும் எமிலின் வேலை. ஐம்பதை நெருங்கும் மனைவி இழந்தவர். நாலு வருஷமாகத் தன் மதிய ரொட்டியில் பாதியும் ஊறுகாய் வெள்ளரியில் பெரிய துண்டும் அவளுக்குத்தான் கொடுத்து வந்தார். மூன்று தடவை கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். மூன்று தடவையும் அவள், “என்னால முடியாது, எமில். காரணம் கேக்காதீங்க” என்றாள். அவரும் கேட்கவில்லை. மறுநாளும் பாதி ரொட்டி வந்தது.

காரணம் ஹார்லன் ஸ்டோக்ஸ். ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவன், அவள் விரலில் மோதிரம் மாட்டிய புருஷன். அப்போது அவள் பெயர் ஃப்ரீடா. ஹார்லன் ஊர் சர்ச் சபையில் பெரிய மனிதன். குரலை உயர்த்தியதே கிடையாது. அவள் மணிக்கட்டை முறித்த அன்றுகூட அமைதியான குரலில்தான் பேசினான். வைத்தியரிடம் அவனே கூட்டிக்கொண்டு போய், படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று கண் கலங்கச் சொன்னான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அவன் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டிய துணியோடு ரயிலேறியவள் அவள். ஓடி வந்தாளே தவிர, கட்டு அறுபடவில்லை. விவாகரத்து கேட்பதென்றால் அவனுக்கு அவள் இருக்குமிடம் தெரிந்தாக வேண்டும். அதுமட்டுமில்லை, நியூயார்க் சட்டத்தில் புருஷன் இன்னொருத்தியோடு இருந்தால்தான் விடுதலை. ஹார்லன் அந்த விஷயத்தில் உத்தமன்.

1967 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

ஆசிரியையாக நடிக்கும் பெண் அன்று இரவு உடையில் மாடிப்படி இறங்க வேண்டும். உடையின் கழுத்து இறக்கம் அதிகமோ என்று வெர்னாவுக்குச் சந்தேகம். அரங்கின் பின்புறம் போய், பொய் ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரை கொக்கியிலிருந்து நழுவி விழுந்தது. கேமரா சரேலென்று அந்தப் பக்கம் திரும்பியது. பதிவாகிறது என்று காட்ட அதன் தலையில் எரியும் சிவப்பு விளக்கை அவள் நேருக்கு நேராகப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. விநாடிகளை எண்ணிப் பழகிய மனசு தன்னைத்தானே எண்ணிக்கொண்டது. பிறகுதான் கால் நகர்ந்தது.

பதிவு முடிந்ததும் பர்ட்டிடம் ஓடினாள்.

“அத எடுத்துடுங்க. திரும்ப எடுங்க.”

“பதிவு நாடாவ வெட்டறதா? இந்த நாடகத்துல சுவரே ரெண்டு தடவ சாஞ்சிருக்கு, அதையே நான் வெட்டல. பேய் வீடு, ஒரு பேய் எட்டிப் பாத்துச்சு. நல்லாத்தான் இருக்கு!”

“மிஸ்டர் லாஸ்கர், கெஞ்சிக் கேக்கறேன்.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை ஒரு கணம் நிறுத்தியது. “உங்களுக்கு என்னதான் ஆச்சு?” என்றார். அவள் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துத்தான் அது ஒளிபரப்பாகும். அந்த ஏழு நாளும் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு ஹார்லன் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பான், பெண்கள் பார்க்கும் நாடகத்தைப் பார்க்கமாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று விநாடிதானே. பத்தொன்பது வருஷத்தில் முகம் மாறாமலா இருக்கும்? ஆனால் ஓபல் இருந்தாள். ஹார்லனின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். ரேடியோ காலத்திலேயே ஒரு தொடரைக்கூட விடாதவள். இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஒளிபரப்பான மறுநாளே கடிதங்கள் குவியத் தொடங்கின. ஜன்னலில் தெரிந்த சாம்பல் நிறப் பெண் யார்? முதல் மனைவியின் ஆவியா? பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னும் ரெண்டே ரெண்டு தடவ நில்லுங்க, தாயே!” என்று பின்னாலேயே சுற்றினார். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடித மூட்டையைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டாள். நேயர் கடிதங்களில் ஒழுக்கக் குறை சொல்லும் கடிதங்களைப் பிரித்தெடுப்பது எப்படியும் அவள் வேலைதான். ஆனால் இப்போது அவள் உறையின்மேல் இருக்கும் கையெழுத்தை மட்டுமே பார்த்தாள்.

பத்தாம் நாள் கிடைத்தது. வேலிக் கம்பு நட்டதுபோல் நெட்டுக்குத்தாக நிற்கும் எழுத்துகள். அனுப்பியவர் பெயரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“மதிப்புக்குரிய ஐயா, என் சகோதரி உங்கள் நிகழ்ச்சியை விரும்பிப் பார்ப்பவள். சென்ற வாரம் ஜன்னலில் தோன்றிய பெண்மணி, பல ஆண்டுகளாகக் காணாமற்போன என் மனைவி ஃப்ரீடாவைப் போல் இருப்பதாக அவள் சொல்கிறாள். என் மனைவி மனநலம் குன்றியவள். தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளக்கூடியவள். அவள் நலமாக இருக்கிறாள் என்று தெரிந்தாலே போதும். உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும்.”

படிக்கிற யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். அதுதான் அவளை நடுங்க வைத்தது. கடிதத்தை மேஜையின் கீழறையில் போட்டுப் பூட்டினாள். பதில் வராவிட்டால் விட்டுவிடுவான் என்று நம்பினாள். பயந்தவள் புத்தி அவ்வளவுதான்; அவன் எதையும் விட்டவனில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டுடியோ வாசலில் பெண்பிள்ளைகள் கூட்டம் கூடும். ஜூலியன் வெளியே வந்தால் கையெழுத்து வாங்க, பாடப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மழைநாள். வெர்னா மாடி ஜன்னலருகே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே பெண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் குடை. குடைக்காரர் அதைத் தன் தலைக்கு மேல் பிடித்திருக்கவில்லை. இரண்டு சிறுமிகள் நனையாமலிருக்க அவர்கள் தலைக்கு மேல் பிடித்திருந்தார். தொப்பியில் மழை சொட்டியது. ஒரு சிறுமி ஏதோ சொல்ல, குனிந்து கவனமாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து கட்டடத்தை ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார்.

கோப்பை கையிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டாள். சுடுதேநீர் காலில் பட்ட எரிச்சல்கூடப் பிறகுதான் தெரிந்தது.

வாயிற்காவலர் மல்ரூனியிடம் போய், யாரோ போலக் கேட்டாள்: “கீழ ஒரு குடைக்காரர் நிக்கறாரே, யாரு?”

“அவரா? தங்கமான மனுஷர். மூணு நாளா வர்றார். ஜன்னல்ல நின்ன அம்மா யாருன்னு கேட்டார். நம்ம கெய்ன்ஸ் அம்மாதான்னு சொன்னேன். ஏன், சொல்லக்கூடாதா?”

சாமான் இறக்கும் பின்வாசல் வழியாக வெளியேறி, மூன்று தெரு சுற்றி, பேருந்து மாறி மாறி ஏறித் தன் விடுதிக்குப் போனாள். பெண்கள் மட்டும் தங்கும் விடுதி அது. மாடிப்படிக்கு மேல் ஆண் நிழல் படக்கூடாது என்று எழுதி வீட்டுக்காரி மிஸஸ் ப்ரோகோப் சட்டகம் போட்டே மாட்டியிருந்தாள். அந்தச் சட்டகத்தை நம்பித்தான் வெர்னா பதினோரு வருஷம் அங்கே குடியிருந்தாள்.

மிஸஸ் ப்ரோகோப் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மிஸ் கெய்ன்ஸ்! இல்ல, மிஸஸ் ஸ்டோக்ஸ்னு கூப்பிடணுமா?”

வெர்னா வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மத்தியானம் உங்க புருஷன் வந்திருந்தார். நேத்து உங்க பின்னாலயே வந்து வீட்டப் பாத்து வெச்சிருந்தாராம். கல்யாணப் போட்டோவக் காட்டினார். அழுதுட்டார் பாவம்! உங்க அறையில ஒரு சாமான் வெச்சுட்டுப் போறேன்னார்.”

“ஆம்பளய மேல விட்டீங்களா?”

“புருஷனுக்கு என்னம்மா தடை? கல்யாணமானவளா இருந்துக்கிட்டு மிஸ்ஸுன்னு பொய் சொல்லி என் வீட்டுல குடியிருந்தீங்களே, அதச் சொல்லுங்க முதல்ல. இது கௌரவமான வீடு.”

வெர்னா மாடியேறினாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. அவள் போகும்போது அப்படி இல்லை. தலையணையின் நடுவில் ஒரு சாவி. பழைய இரும்புச் சாவி, துவாரத்தில் கட்டிய அட்டையில் நெட்டுக்குத்து எழுத்தில் ‘பழ நிலவறை’ என்றிருந்தது.

ஒஹையோ வீட்டின் அடியில் குளிர்காலத்துக்கு ஆப்பிளும் ஊறுகாய் ஜாடிகளும் வைக்கும் நிலவறை அது. அவள் எதிர்த்துப் பேசினாலும், குழம்பில் உப்புக் கூடினாலும் அங்கேதான். ஒரு தடவை இரண்டு பகல் ஓர் இரவு. மேலே அடுப்படியில் ஓபலின் செருப்புச் சத்தம் கேட்கும். கத்திப் பார்த்தாள். செருப்புச் சத்தம் நிற்கும், மறுபடி நடக்கும். யாரும் வரவில்லை. கடைசியில் ஹார்லன் கதவைத் திறந்து, கையைக் கொடுத்து மேலே ஏற்றிவிட்டு, “சொன்ன பேச்சக் கேட்டிருந்தா இதெல்லாம் வேண்டியிருக்காதுல்ல?” என்று மிருதுவாகக் கேட்டான்.

சாவியை அவள் தொடவில்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, எமில் வீடு இருக்கும் தெருவரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாலு வருஷத்தில் அந்த வாசற்படி மிதிக்காதவள். கதவைத் திறந்த எமில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் விலகி வழிவிட்டார்.

“கதவச் சாத்துங்க,” என்றாள். “தாழ்ப்பாளப் போடுங்க.”

எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறை நாற்காலியில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல், ஒரு மூச்சில். எமில் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நாலு வருஷம், வெர்னா. ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா உங்களையும் அதுல இழுத்த மாதிரி ஆயிடும்.”

“எனக்கு அவ்வளவுதான் முதுகெலும்புன்னு நினைச்சீங்களா?” அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தாள். உடனே தணிந்துவிட்டார். “பக்கத்துல யாங்கர்ஸ் ஊர்ல என் தங்கச்சி வீடு இருக்கு. இப்பவே போயிடலாம். அங்க அவனால கண்டுபுடிக்க முடியாது.”

“இப்படித்தான் நானும் பத்தொன்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

ஆனாலும் போனாள். அந்தத் தங்கையின் வீட்டில் மூன்று பூட்டுப் போட்ட கதவுக்குப் பின்னால் படுத்து, யார் வீட்டு நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்தாள். வேலைக்குப் போகாமலிருக்க முடியாது; போகாவிட்டால் ஓடிப்போனவள் என்று அவன் பேச்சுக்கே வலுச் சேரும். எமில் காலையிலும் மாலையிலும் கூடவே வந்தார். வாசலில் குடை இருந்தால் பின்வாசல், பின்வாசலில் இருந்தால் பக்கத்துக் கட்டடம். மூன்றாம் நாள் இரண்டு இடத்திலும் குடை இல்லை. அவன் இருக்குமிடம் தெரிந்த பயத்தைவிடத் தெரியாத பயம் பெரிதாக இருந்தது.

அன்று மேஜையில் இரண்டு விஷயங்கள் காத்திருந்தன. ஒன்று, மேலதிகாரி மிஸ்டர் விட்கூமின் சீட்டு: மறுநாள் காலை பத்து மணிக்கு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு வரவும், மிஸ்டர் ஸ்டோக்ஸும் வருகிறார். ஒழுக்கப் பிரிவின் தலைவர் அவர். வெர்னாவை வேலைக்கு எடுத்தவரும் அவரே. இன்னொன்று, கடித மூட்டையின் மேலாக ஒரு மலிவான உறை. ‘ஜன்னல்ல நின்னவளுக்கு’ என்று மட்டும் முகவரி. பிரித்ததும் யார் எழுதியது என்று தெரிந்தது.

“ஃப்ரீடா, ஓபல் எழுதறேன். உன்ன முதல்ல பாத்தது நான்தான். வாய் தவறி அவன்கிட்ட உளறிட்டேன். ஆண்டவன் என்ன மன்னிக்கட்டும். அன்னைக்கு நிலவறையில நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. தம்பி வீட்டு விஷயத்துல பொம்பள தலையிடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளத்தா. நானும் கரண்டிய எடுத்துக்கிட்டுக் கிளறிக்கிட்டே இருந்தேன். அவன் உன் கைய முறிச்சதையும் நான் பாத்தேன், நீ படியில விழல. யாரு கேட்டாலும் சொல்லுவேன். கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் ஊருக்குத் திரும்பறதுக்குள்ள இந்த வீட்ட விட்டுப் போயிடுவேன். உன் ஊருக்குத்தான் வர்றேன், என்ன வேணாம்னு நீ சொன்னாலும் சரிதான்.”

வெர்னா அந்தக் காகிதத்தை ஆறு தடவை படித்தாள். பத்தொன்பது வருஷமாக, நடந்ததெல்லாம் தன் மூளைக் கோளாறோ என்ற சந்தேகமும் அவளோடு கூடவே குடியிருந்தது. அது அன்றைக்குத்தான் வெளியேறியது.

மறுநாள் விட்கூமின் அறைக்குள் அவள் நுழைந்தபோது ஹார்லன் எழுந்து நின்றான். தலை நரைத்திருந்தது, சவரம் வழுவழுவென்றிருந்தது. அதே சோப்பு வாசனை.  நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“ஃப்ரீடா, ரொம்ப இளைச்சுட்டியே,” என்றான்.

விட்கூம் தொண்டையைக் கனைத்தார். “மிஸ் கெய்ன்ஸ், வேலைக்கு எடுக்கறப்பவே கல்யாணமாயிருக்கான்னு உங்ககிட்ட நேரடியா கேட்டேன். இல்லன்னு சொன்னீங்க.”

“பொய்தான் சொன்னேன், சார்.”

“இவர் எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கறார் பாருங்க. பழசெல்லாம் மறந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறார். ஊர் வாயில விழாம, பத்திரிகைக்குத் தெரியாம இது முடியறது எல்லாருக்கும் நல்லது. குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும்.”

“அவளக் குத்தம் சொல்லாதீங்க, சார்,” என்றான் ஹார்லன். “அவளுக்கு உடம்பு சரியில்ல. இல்லாதத இருக்கும்பா. நான்தான் சரியா கவனிக்காம விட்டுட்டேன்.”

விட்கூமின் முகம் கனிந்ததை வெர்னா பார்த்தாள். ஜூலியனுக்குத் தினம் ஒரு மூட்டை கடிதம் எழுதும் பெண்களின் முகமும் இப்படித்தான் கனியுமோ என்று ஒரு கணம் தோன்றியது.  கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். 

“இத உரக்கப் படிங்க, சார்.”

விட்கூம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நிலவறை என்ற சொல் வந்ததும் குரல் தாழ்ந்தது. கை முறிந்த வரியில் நின்றேவிட்டது. மிச்சத்தை வாய்க்குள் படித்தார்.

ஹார்லன் சிரித்தான். “அக்காவுக்கு வயசாச்சு. நாடகம் பாத்துப் பாத்து இப்படி ஆயிட்டா.” பிறகு இயல்பாக, ஏதோ மேஜையிலிருந்து தொப்பியை எடுப்பவன்போல, வெர்னாவின் இடது மணிக்கட்டைப் பிடித்தான். முறிந்து கூடிய அதே இடம். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், ஃப்ரீடா.” குரல் உயரவில்லை. விரல்கள் மட்டும் இறுகின. எலும்பின்மேல் எலும்பு அரைபடும் சத்தம் அவளுக்கே கேட்டது.

அவள் கத்தினாள். நிலவறையில் கத்திய அதே குரல். இந்தத் தடவை முப்பதாவது மாடியில், கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவில். வெளியே தட்டெழுத்துச் சத்தம் மொத்தமாக நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு நாலு பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எமில். கீழே காத்திருக்கச் சொன்னதை அவர் கேட்டிருக்கவில்லை.

“கைய எடுங்க, மிஸ்டர் ஸ்டோக்ஸ்,” என்றார் விட்கூம். முகம் வெளுத்திருந்தது.

“இது என் மனைவி.”

“கைய எடுங்கன்னு சொன்னேன்.”

ஹார்லன் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இத்தனை பேர் பார்க்க அவன் எதையும் செய்து பழகியவனில்லை. கையை எடுத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டான். பெண்களைப் பார்த்து, “மன்னிக்கணும், அவளுக்கு உடம்பு சரியில்ல,” என்றான். ஒருத்தியும் வழிவிடவில்லை. சுவரோரமாக ஒதுங்கித்தான் வெளியே போனான்.

இப்படி முடிந்திருந்தால் கதையாக இருக்கும். நடந்தது வேறு. அன்று மாலையே விட்கூம் வெர்னாவைக் கூப்பிட்டு, ஒழுக்கப் பிரிவில் பொய்ப் பெயரில் ஒருவர் இருக்க முடியாது என்று வேலையை விட்டு நீக்கினார். சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. “மணிக்கட்ட ஒரு வைத்தியர்கிட்ட காட்டுங்க. எழுதி வாங்கி வெச்சுக்குங்க, தேவைப்படும்,” என்று மட்டும் கடைசியில் சொன்னார். தேவைப்பட்டது.

அடுத்த வாரம் ஓபல் ஒரே ஒரு பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்கினாள். நிலையத்தில் இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிக்கொள்ளவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று வெர்னா கேட்டதும் ஓபல் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதாள். மன்னித்துவிட்டேன் என்று வெர்னா அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

செப்டம்பரில் நியூயார்க்கில் புதுச் சட்டம் வந்தது. கொடுமையும் விவாகரத்துக்குக் காரணமாகலாம் என்றது. முதல் வாரமே வெர்னா மனுப் போட்டாள். சமரச அதிகாரி ஒருவர், இன்னொரு தடவை சேர்ந்து வாழ்ந்து பார்க்கலாமே என்று கேட்டார். நீதிமன்ற வராந்தாவில் ஹார்லன் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் அவள் வாந்தியெடுத்தாள். ஓபல் கூண்டில் ஏறி, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். மறுவருஷம் மே மாதம் தீர்ப்பு வந்தது. எமில் நாலாவது தடவை கேட்கவில்லை, அவளே கேட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதும் வேலை கிடைத்தது. ஓபல் இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் குடியிருந்தாள். ‘கிரிம்வேட் மாளிகை’ நின்றுபோனது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டின் உள்ளறைக் கதவுகளில் இருந்த பூட்டு ஒவ்வொன்றையும் எமில் கழற்றிவிட வேண்டியிருந்தது. வாசற்கதவில் மட்டும் நாலு.

1974 குளிர்காலத்தில் ஊரிலிருந்து தகவல் வந்தது: ஹார்லன் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கத்துக்கு ஓபல் மட்டும் போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, மேலங்கியில் பனியோடு சமையலறைக்குள் நின்றாள். வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுது,” என்றாள் ஓபல்.

“நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பெட்டிய மூடினதையும்?”

“மூடினதையும் பாத்தேன். குழியில இறக்கினதையும் பாத்தேன். எல்லாரும் போனப்புறம் மண்ணு மூடற வரைக்கும் நின்னேன்.”

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். எமில் அவளருகே வந்து நின்றார். “சரி,” என்றாள் வெர்னா. அப்புறம் எழுந்து போய் வாசற்கதவின் நாலு பூட்டையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு வந்து, மிச்சக் கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள்.